பழைய டயானாவா, அண்டர்லீவரா, கேஸ் ரேமா: 20 மீற்றரில் எது நேராகச் சுடும்?

ஹட்டன் மேட்டு லயம்

வணக்கம் எல்லோருக்கும். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாக வாசித்து யாராவது வழி சொல்லுங்கள்.

வீட்டில் அப்பா காலத்து டயானா எயார் ரைபிள் ஒன்று இருக்கிறது. குழலை மடித்து ஸ்பிரிங்கை ஏற்றுகிற பழைய வகை, 4.5 மில்லிமீற்றர் குண்டு. மொடல் நம்பர் தேய்ந்துபோய்விட்டது. அப்பா தோட்டத்தில் கிளாக்கராக இருந்தபோது, பங்களாவைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போன துரை ஒருவரிடம் வாங்கியது என்று அம்மா சொல்வார். பத்திரங்கள் சரியாக இருக்கின்றன. நான் எந்த உயிரையும் சுடுவதில்லை. வீட்டுக்குப் பின்னால் மேடு வெட்டிய மண் சுவர் இருக்கிறது, அதற்கு முன்னால் பெட்டி வைத்து, கடதாசி ஒட்டி, 20 மீற்றரில் சுடுவதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன்.

ஒரு நாள் பத்துக் குண்டும் தீப்பெட்டி அளவுக்குள் விழும். அடுத்த வாரம் அதே குண்டு, அதே தூரம், அதே ஆள், ஆனால் சோசர் அளவுக்குச் சிதறிக் கிடக்கும். கண்தான் பிழை என்று நினைத்து டவுனில் ஒரு கடையில் ஸ்கோப் வாங்கிப் பூட்டினேன். அதற்குப் பிறகு இன்னும் மோசம். இரண்டு மாதத்தில் ஸ்கோப்புக்குள் இருக்கிற சிலுவைக் கோடே சரிந்துவிட்டது. கடைக்காரரிடம் கொண்டுபோனால் துவக்கு பழசு, அதுதான் காரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்போது இரண்டு வாய்ப்பு வந்திருக்கிறது. பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் பீ.எஸ்.ஏ. எயார்ஸ்போர்ட்டர் இருக்கிறது, அடியில் இருக்கும் தடியை இழுத்து ஏற்றுகிற அண்டர்லீவர், 5.5. குழல் அசையாது, அதனால் குறி தப்பாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் நுவரெலியாவில் இருக்கும் மச்சான் கேஸ் ரேம் வகை ஒன்று எடுத்திருக்கிறான். ஸ்பிரிங்கே இல்லை, அடைத்து வைத்த வாயுதான் தள்ளும், அதிர்வு இல்லை, இதையே நீயும் எடு என்கிறான்.

மடிக்கிற குழல் என்றாலே குறி தவறும் என்பது உண்மையா? இருக்கிற காசுக்கு ஒரு முறைதான் வாங்க முடியும், அதனால்தான் கேட்கிறேன்.

---

பண்டாரவளை பட்டறை

தம்பி, வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். நான் இருபது வருடத்துக்கு மேலாக இந்த வகைத் துவக்குகளைக் கழற்றிப் பூட்டுகிறவன், தோட்டத்துப் பங்களாக்களில் கிடந்து துருப்பிடித்தவைதான் என்னிடம் கூடுதலாக வரும். நீங்கள் சொல்கிற அறிகுறி எனக்குப் பழகியது. ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் மோசமாகவும் சுடுகிற துவக்கில் குழல் நல்ல குழல். கெட்ட குழல் என்றால் ஒரு நாளும் நன்றாகச் சுடாது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். சுடும் விசையான குதிரையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது, கனமான பிஸ்டன் முன்னால் ஓடும்போது துவக்கு பின்னால் வருகிறது. பிஸ்டன் ஓட்டத்தின் கடைசியில் காற்று இறுகி, அதில் மோதி நிற்கும்போது துவக்கு முன்னால் உதறுகிறது. இதெல்லாம் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு அளவு நேரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் குண்டு அந்த நேரம் இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. தோட்டாத் துவக்கில் பெரும் உதைப்பு குண்டு வெளியே போகிற நேரத்தில்தான் வருகிறது. ஸ்பிரிங் துவக்கில் குண்டு கிளம்புவதற்கு முன்பே துவக்கு ஆட ஆரம்பித்துவிடுகிறது. அதனால் அந்த ஆட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். மடிக்கிற குழலா, அசையாத குழலா என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வரும்.

சரி, குழலுக்கு வருவோம். மடிக்கிற குழலில் இரண்டு இடம் தளரும். ஒன்று கீலில் இருக்கும் போல்ட். துவக்கை ஏற்றாமல், குழலைப் பாதி மடித்துப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஒரு மயிரிழை ஆடினாலும் போல்ட்டை இறுக்க வேண்டும். இன்னொன்று குழலை மூடும்போது பிடித்துக்கொள்கிற நாக்கு. அது தேய்ந்திருந்தாலோ அதன் ஸ்பிரிங் களைத்திருந்தாலோ குழல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு உயரத்தில் மூடும். அரை மில்லிமீற்றர் போதும், 20 மீற்றரில் பெரிய வித்தியாசம்.

இப்போது முக்கியமான இடம். குறி பார்க்கும் இரண்டு துண்டில் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற பின்குறி உங்கள் துவக்கில் எங்கே இருக்கிறது? சில மொடல்களில் பின்குறியும் குழலோடு சேர்ந்து மடியும் கட்டையில் இருக்கும், முன்குறி குழல் வாயில். இரண்டும் குழலிலேயே இருப்பதால் குழல் சற்று மாறி மூடினாலும் குறியும் கூடவே மாறும், குண்டு நீங்கள் பார்த்த இடத்துக்குத்தான் போகும். பின்குறி பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் மேல் இருந்தால் அந்த வசதி இல்லை. ஸ்கோப் எப்போதுமே சிலிண்டர் மேல்தான் பூட்டப்படுகிறது. அதனால் தளர்ந்த மடிப்புக் குழலுக்கு ஸ்கோப் போட்டால் கண்ணாடி ஒரு பக்கம் பார்க்கும், குழல் இன்னொரு பக்கம் பார்க்கும். நீங்கள் ஸ்கோப் போட்ட பிறகு மோசமானது இதனாலாக இருக்கலாம். ஸ்கோப் உடைந்ததற்குத் துவக்கின் வயது காரணம் இல்லை. பின்னாலும் முன்னாலும் இரண்டு பக்கமாக உதறுகிற ஆட்டத்தைத் தாங்கச் செய்யாத ஸ்கோப்பை ஸ்பிரிங் துவக்கில் பூட்டினால் புதுத் துவக்காக இருந்தாலும் உடைத்துவிடும். உங்களுக்கு அதைக் கேட்காமல் விற்றிருக்கக் கூடாது, எனக்கே கோபம் வருகிறது.

எயார்ஸ்போர்ட்டர் பற்றி. நல்ல துவக்கு, 1948இல் வந்த வடிவம், அந்தக் காலத்து வேலைப்பாட்டுக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன். ஆனால் அண்டர்லீவர் என்று ஒரே பெயரில் இரண்டு வகை இருக்கிறது. எயார்ஸ்போர்ட்டரில் குண்டை நேராகக் குழலுக்குள் வைக்க முடியாது. தண்ணீர்க் குழாயில் இருக்கும் டெப் மாதிரி திரும்புகிற உருளை ஒன்று இருக்கும், அதன் ஓட்டையில் குண்டைப் போட்டுத் திருப்பினால் அது குழலுக்கு நேராக வந்து நிற்கும். சுடும்போது குண்டு டெப்பிலிருந்து குழலுக்குத் தாவ வேண்டும். டெப் தேய்ந்து ஒரு நூல் தள்ளி நின்றால் குண்டின் விளிம்பு ஒரு பக்கம் உரசிக்கொண்டுதான் குழலுக்குள் போகும், பக்கவாட்டில் காற்றும் கசியும். குழல் அசையவில்லைதான், ஆனால் குண்டு உள்ளே போகும்போதே சிதைந்துபோனால் குழல் நேராக இருந்து என்ன பயன்?

பின்னால் வந்த ஹெச்.டபிள்யூ. 77, 97, எயார் ஆர்ம்ஸ் டி.எக்ஸ். 200 வேறு வகை. அவற்றில் சிலிண்டரே பின்னால் நகர்ந்து வழிவிடும், குண்டை விரலால் நேராகக் குழலுக்குள் தள்ளலாம். எல்லோரும் அண்டர்லீவர் நன்றாகச் சுடும் என்று புகழ்வது இவற்றை வைத்துத்தான். அந்த வகையை எப்போதாவது கையில் எடுத்தால், குண்டை வைத்து முடிக்கும் வரை ஒரு கையால் லீவரை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடி நழுவினால் விரல் போய்விடும்.

எயார்ஸ்போர்ட்டரை வாங்குவதென்றால் ஒரு சோதனை. டெப்புக்கு மேலே மெல்லிய டிஷ்யூத் துண்டு ஒன்றை வைத்து, குண்டு போட்டுச் சுடுங்கள். கடதாசி துள்ளினால் அங்கே காற்று போகிறது. உங்கள் டயானாவின் குழல் மூடும் இடத்திலும் இதையே செய்து பாருங்கள். குண்டு இல்லாமல் மட்டும் சுட வேண்டாம், எந்தத் துவக்கிலும். முன்னால் இறுகுகிற காற்று இல்லாமல் பிஸ்டன் நேராக இரும்பில் மோதும்.

---

பத்து மீற்றர்

அண்ணன் சொன்னதற்கு மேல் எந்திரத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. கண்டியில் இருக்கிறேன், முன்பு போட்டிகளுக்குச் சுட்டிருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

மடிக்கிற குழல் என்றாலே தவறும் என்பது பிழை. வால்தர் எல்.ஜி.வி., வைராக் ஹெச்.டபிள்யூ. 55 இரண்டும் மடிக்கிற குழல்தான், இரண்டும் போட்டிக்கென்றே செய்தவை. குழலை மூடியதும் தாழ்ப்பாள் போல ஒரு பூட்டு போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் வித்தியாசம். இன்றைய 10 மீற்றர் எயார் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீற்றர் மட்டும், பேனாவால் தொட்ட புள்ளி. அப்படிப்பட்ட நுணுக்கமான போட்டிக்கே ஒரு காலத்தில் மடிக்கிற குழலை வைத்துச் சுட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் போட்டித் துவக்குகளைச் செய்தவர்கள் எதோடு கூடுதலாகப் போராடினார்கள் என்று பாருங்கள். ஃபைன்வெர்க்பாவ் 300இல் பக்கவாட்டில் லீவர், குழல் அசையாது, சரி. அதன் உண்மையான பெருமை அதுவல்ல. குதிரையை இழுத்ததும் குழலும் சிலிண்டரும் சேர்ந்து மரக்கட்டைக்கு மேல் தண்டவாளத்தில் போவது போலப் பின்னால் வழுக்கும், உதைப்பு தோளுக்கு வராது. டயானா 75இல் இரண்டு பிஸ்டன், ஒன்று முன்னால் ஓடும்போது இன்னொன்று பின்னால் ஓடி ஆட்டத்தைச் சமன் செய்துவிடும். இதைக் கிஸ் முறை என்பார்கள். 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டி முதன்முதலில் சேர்க்கப்பட்டது. காலப்போக்கில் போட்டிக்காரர்கள் ஸ்பிரிங்கையே கைவிட்டு, முன்பே அழுத்தி வைத்த காற்றுக்குப் போனார்கள். அந்த ஆட்டத்திலிருந்து தப்பத்தான் இத்தனையும்.

உங்கள் டயானாவில் தண்டவாளமும் இல்லை, இரண்டாவது பிஸ்டனும் இல்லை. அந்த வேலையை உங்கள் கைதான் செய்ய வேண்டும். சிதறுகிற நாளில் நீங்கள் எப்படிப் பிடித்திருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நன்றாகச் சுட வேண்டும் என்ற ஆசையில் இறுக்கிப் பிடித்து, கன்னத்தை அழுத்தி, தோளுக்குள் இழுத்து வைத்திருப்பீர்கள். நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் அதைத்தான் செய்தோம். இறுக்கிய பிடி ஒரே அளவில் இருக்காது, ஒரு முறை கூடும், ஒரு முறை குறையும். துவக்கு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி துள்ளும், அந்த வித்தியாசம் அப்படியே கடதாசியில் விழும்.

இடது கையை விரித்து, உள்ளங்கை மேல் பார்க்க, குதிரைக் காப்புக்குச் சற்று முன்னால் வைத்துத் துவக்கை அதன்மேல் இருக்க விடுங்கள். கைக்குழந்தையின் தலையைத் தாங்குகிற மாதிரி, விரலால் பிடிக்கக் கூடாது. தோளில் மெதுவாகத் தொட்டிருந்தால் போதும். மேசையில் வைத்துச் சுடுவதென்றாலும் கட்டையை நேராகப் பலகையில் வைக்காதீர்கள், கையை மணல் பையில் வைத்து, கையின் மேல் துவக்கு. சுட்ட பிறகும் கண்ணைக் குறியிலேயே வைத்து இரண்டு எண்ணுங்கள். அடுத்த வாரம் கையை இரண்டு அங்குலம் முன்னால் நகர்த்திச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு துவக்குக்கும் பிடித்த இடம் ஒன்று இருக்கும், அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று, மூன்று குண்டு சுட்டு அளக்காதீர்கள். மூன்று குண்டு பக்கத்தில் பக்கத்தில் விழுவது தற்செயலாகவும் நடக்கும். பத்துச் சுட்டு, மிகத் தூரத்தில் இருக்கும் இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து எழுதுங்கள். முதல் ஐந்தாறு குண்டு துவக்கைச் சூடாக்க மட்டும், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

---

நுவரெலியா குளிர்

நீங்கள் சொன்ன மச்சான் நான் இல்லை, ஆனால் என்னிடமும் கேஸ் ரேம் இருக்கிறது. விரும்பித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அதிர்வு இல்லை என்று மச்சான் சொல்வது சரியல்ல. ஸ்பிரிங் விரியும்போது வருகிற முறுக்கலும் டொய்ங் என்ற சத்தமும் இதில் இல்லை, அது உண்மை. பிஸ்டன் ஓடத்தான் செய்கிறது, மோதத்தான் செய்கிறது. ஸ்பிரிங்கின் ஆட்டம் நீளமாக இருக்கும், இது சுருக்கென்று ஒரு குத்து. பலம் கூடிய கேஸ் ரேம் என்றால் அந்தக் குத்தைச் சமாளிப்பது ஸ்பிரிங்கை விடக் கஷ்டம். எனக்கு அதோடு பழக ஆறு மாதம் ஆனது.

இங்கே குளிரையும் யோசிக்க வேண்டும். அடைத்து வைத்த வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறி இறங்கும். பகலில் 20 பாகைக்கு மேல் இருந்து விடியற்காலையில் 5, 6 பாகைக்கு இறங்கினால் அழுத்தம் ஐந்து சதவீதம் அளவில் குறையும். ஜனவரியில் காலை ஏழு மணிக்குச் சுடும்போது என் குண்டு நேற்று மத்தியானம் விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழேதான் விழும். ஸ்பிரிங்கிலும் குளிருக்குக் கிரீஸ் இறுகும், அதனால் அதுவும் முழுக்கத் தப்பாது. நான் சுடுவதற்கு அரை மணி நேரம் முன்பே துவக்கை வெளியே வைத்துவிடுவேன், இடையில் வெப்பம் மாறாது.

உயரமும் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர், கடற்கரையோடு பார்த்தால் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் காற்று குறைந்தால் பிஸ்டனுக்கு முன்னால் மெத்தை மெல்லியதாகிறது, மோதல் கொஞ்சம் வன்மையாகிறது. கொழும்பில் சரிபார்த்துக் கொண்டுவந்த துவக்கு இங்கே வேறு இடத்தில் சுடும், திரும்பவும் குறியைச் சரி செய்ய வேண்டும். ஹட்டனில் இருந்து ஹட்டனிலேயே சுடுகிறவருக்கு இது தேவையில்லை. மச்சான் வீட்டில் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20 மீற்றரில் கடதாசிக்குப் பெரிய பலம் எதற்கு? குண்டு குழலை விட்டுப் போகும்போது இருக்கும் பலத்தை ஜூலில் அளப்பார்கள், ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் வாங்கக்கூடியது 7.5 ஜூல் வரைதான், இங்கிலாந்தில் 16 ஜூல் அளவு. அந்த 7.5 ஜூலிலேயே அங்கே அருமையாகச் சுடுகிறார்கள். பலம் குறைந்தால் ஆட்டமும் குறையும். உங்கள் பழைய டயானா மென்மையானது, அது உங்களுக்குச் சாதகம்.

---

ஹட்டன் மேட்டு லயம்

மிகவும் நன்றி, இவ்வளவு விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நேற்றே பார்த்தேன். பின்குறி சிலிண்டர் மேல்தான் இருக்கிறது. குழலைப் பாதி மடித்து ஆட்டினால் டிக் டிக் என்று கையில் தெரிகிறது. மரக்கட்டையின் முன்பக்க ஸ்குரூ இரண்டும் விரலாலேயே திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. டிஷ்யூவும் துள்ளியது.

பட்டறை அண்ணே, ஒன்று கேட்க வேண்டும். அப்பா மாதம் ஒருமுறை காற்றுப் போகிற ஓட்டையில் தையல் மெஷின் எண்ணெய் விடுவார், நானும் அப்படியே செய்து வருகிறேன். எண்ணெய் விட்ட நாளில் சத்தம் கூடும், புகையும் வரும். அது நல்லதுதானே?

---

பண்டாரவளை பட்டறை

இல்லை தம்பி, அதுதான் உங்கள் சோசருக்கு இன்னொரு காரணம். காற்று திடீரென்று இறுகும்போது கடுமையாகச் சூடாகும், டீசல் எஞ்சினில் நடப்பதுதான். அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது, புகை அதனால் வருகிறது. ஒரு குண்டுக்குக் கூடுதலாகப் பற்றும், அடுத்ததற்குக் குறைவாகப் பற்றும், குண்டின் வேகம் ஏறி இறங்கும், கடதாசியில் ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டு விழும். எண்ணெய் விட்ட வாரங்களையும் சிதறிய வாரங்களையும் ஒத்துப் பாருங்கள்.

அப்பா செய்ததில் முழுத் தவறு இல்லை. பழைய டயானா பலவற்றில் பிஸ்டன் வாஷர் தோல். தோல் காய்ந்தால் சுருங்கிக் காற்று விடும், அதற்கு எண்ணெய்ப் பசை வேண்டும்தான். ஆனால் தோலுக்கென்று இருக்கிற எண்ணெய், வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று துளி, அதுவும் விட்டதும் ஒரு இரவு துவக்கை நிமிர்த்தி வைத்து ஊறவிட்டு. கறுப்பு இறப்பர் போன்ற வாஷர் என்றால் அதுவும் வேண்டாம். உள்ளே எது என்று கழற்றினால்தான் தெரியும், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் சாதனம் இல்லாமல் நீங்கள் கழற்ற வேண்டாம், அது முகத்துக்குப் பாயும்.

இப்போதைக்கு, கீல் போல்ட்டைக் குழல் தன் எடையில் கீழே விழாத அளவுக்கு இறுக்குங்கள். மரக்கட்டை ஸ்குரூக்களை இறுக்கி, ஒவ்வொரு ஞாயிறும் சுடுவதற்கு முன் தொட்டுப் பாருங்கள், இந்தத் துவக்குகள் தங்கள் ஸ்குரூவைத் தாங்களே கழற்றிக்கொள்ளும். குழல் மூடும் இடத்தில் இருக்கும் சிறிய வளையத்தை மாற்றுங்கள். குழலை மூடிய பிறகு கீழிருந்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சுடுங்கள், அதே அளவு தட்டு, ஒவ்வொரு முறையும். எண்ணெய் முழுக்க எரிந்து தீர ஒரு டின் குண்டு கூடப் போகலாம், அதுவரை மனம் தளர வேண்டாம்.

குண்டிலும் கஞ்சம் பார்க்காதீர்கள். கூர் மூக்குக் குண்டு பார்க்கத்தான் அழகு, 20 மீற்றருக்கு உருண்டை மூக்கு எடுங்கள். தட்டை மூக்கு 10 மீற்றருக்கு நல்லது, ஓட்டையும் அளப்பதற்குச் சுத்தமாக விழும். ஒவ்வொரு குண்டையும் பின்பக்க விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். இரண்டு மூன்று வகை டின்னை வாங்கி உங்கள் குழலுக்கு எது பிடிக்கிறது என்று சுட்டுத்தான் பார்க்க வேண்டும். என் குழலுக்குப் பிடித்தது உங்கள் குழலுக்குப் பிடிக்காது.

---

மஸ்கெலியா கொழுந்து

எல்லோரும் குறியைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்குக் குண்டு போகும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் தோட்டத்தில் வேலை செய்கிறவள். மலையில் கொழுந்து எடுக்கும்போது செடிக்கு மேலே எங்கள் தலையும் கூடையும்தான் தெரியும், மிஸ்ட் இறங்கினால் அதுவும் தெரியாது. எயார் ரைபிள் குண்டு சில நூறு மீற்றர் பறக்கும். விளையாட்டுச் சாமான் என்று நினைத்துச் சரிவுக்குக் கீழே சுடுகிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன், இரண்டு மூன்று முறை ஏசியும் இருக்கிறேன்.

நீங்கள் மண் சுவருக்குச் சுடுகிறீர்கள், அது நல்லது. ஆனால் மழைக்குப் பிறகு மண் கழுவிக் கல் வெளியே வந்திருக்கும், கல்லில் பட்டால் குண்டு திரும்பி வரும். மணல் நிரப்பிய அரிசிச் சாக்கை முன்னால் வையுங்கள், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சாக்கு வைத்தால் இன்னொரு நன்மை, ஈயம் அதிலேயே நிற்கும். மேட்டிலிருந்து வருகிற தண்ணீர்தான் எங்கள் பீலிக்கு வருகிறது, பிள்ளைகள் அதைத்தான் குடிக்கிறார்கள். குண்டு தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடவும் வேண்டாம்.

எயார்ஸ்போர்ட்டர் வாங்குவதாக இருந்தால் காசு கொடுப்பதற்கு முன் பொலிஸில் போய் உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள். உங்கள் டயானாவுக்குப் பத்திரம் இருப்பது அதற்குச் செல்லாது.

---

பத்து மீற்றர்

அக்கா சொன்னதை அப்படியே செய்யுங்கள் தம்பி. சரிவைப் பற்றிக் குறிக்காகவும் ஒன்று உண்டு. மேலே பார்த்துச் சுட்டாலும் கீழே பார்த்துச் சுட்டாலும் குண்டு நினைத்ததற்கு மேலேதான் விழும். புவியீர்ப்பு குண்டை இழுப்பது கிடையான தூரத்துக்குத்தான், 30 பாகைச் சரிவில் 30 மீற்றர் என்பது கிடையாக 26 மீற்றர் மட்டும். உங்கள் பெட்டி எவ்வளவு மேட்டில் இருக்கிறது என்று தெரியாது, முடிந்தால் மட்டமாக வைத்துவிடுங்கள். துவக்கைச் சாய்த்தால் கையில் அது இருக்கும் விதமும் மாறிவிடும். காலையிலேயே சுட்டு முடியுங்கள், பத்து மணிக்கு மேல் உங்கள் பக்கம் காற்று எழும்பும், 4.5 குண்டு அரை கிராம்தான், அதைத் தள்ள அதிகம் காற்று வேண்டியதில்லை.

---

ஹட்டன் மேட்டு லயம்

ஐந்து ஞாயிறு கழித்து எழுதுகிறேன். நடுவில் இரண்டு வாரம் விடாத மழை.

ஸ்கோப்பைக் கழற்றிவிட்டேன். கீல் போல்ட்டை இறுக்கினேன், வளையத்தை மாற்றினேன், டிஷ்யூ இப்போது அசையவில்லை. எண்ணெய் விடவில்லை, ஏறக்குறைய 150 குண்டு வரை புகை வந்துகொண்டே இருந்தது, பிறகு நின்றுவிட்டது. சத்தமும் குறைந்துவிட்டது, முதலில் பலம் போய்விட்டதோ என்று பயந்தேன். பழைய கடதாசிகளை வைத்திருந்ததால் அளந்து பார்த்தேன், மோசமான நாட்களில் பத்துக் குண்டு 60 மில்லிமீற்றருக்கு மேல். பட்டறை அண்ணன் சொன்னபடி எண்ணெய் விட்ட நாட்களில் ஓட்டைகள் மேலும் கீழுமாகத்தான் நீண்டிருந்தன, இத்தனை நாள் அதை நான் கவனிக்கவே இல்லை.

பிடியை மாற்றுவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. விரலை விரித்து வைத்தாலும் குதிரையை இழுக்கும் நேரத்தில் தானாக மூடிக்கொள்கிறது. மனைவி பக்கத்தில் நின்று விரலைப் பார்த்துச் சொல்லுவாள். மூன்றாவது ஞாயிறு 34 மில்லிமீற்றர். போன ஞாயிறு மூன்று கடதாசி, 27, 23, 26. வெறும் குறியில், ஸ்கோப் இல்லாமல். கையை அண்ணன் சொன்ன இடத்திலிருந்து ஒரு அங்குலம் முன்னால் வைத்தால்தான் என் துவக்குக்குப் பிடிக்கிறது.

மச்சானின் கேஸ் ரேமையும் சுட்டுப் பார்த்தேன். முதல் பத்து 51. பிடியைத் தளர்த்திய பிறகு 38. அவனுக்கும் அந்தப் பிடியைக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எயார்ஸ்போர்ட்டரைப் போய்ப் பார்த்தேன். அழகான மரம், தூக்கிப் பிடித்தாலே மனது நிறைகிறது. டெப்பின் மேல் டிஷ்யூவை வைத்துச் சுட்டேன், துண்டு பறந்து என் மடியில் விழுந்தது. பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு, இது என் மகன் ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று சொன்னார், நானும் விலை பேசவில்லை.

மணல் சாக்கு வைத்தாயிற்று அக்கா, பெட்டியையும் மட்டமாக இறக்கிவிட்டேன்.

பட்டறை அண்ணே, இங்கே ஸ்பிரிங் அழுத்தும் சாதனம் வைத்திருக்கிற ஒருவரைப் பிடித்து, அவரை வைத்தே பிஸ்டனைக் கழற்றினோம். வாஷர் தோல்தான், ஒரு ஓரம் வெடித்திருக்கிறது. துவக்கைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று வாஷரை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை ரயிலில் பண்டாரவளை வந்தால் பட்டறையில் இருப்பீர்களா? அளவு பார்த்து ஒன்று வெட்டித் தர முடியுமா?

---

பண்டாரவளை பட்டறை

வாருங்கள் தம்பி, இருப்பேன். பழைய வாஷரை எறியாமல் கொண்டுவாருங்கள், பிஸ்டன் தலையின் விட்டத்தையும் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். தோலை வெட்டி ஒரு நாள் எண்ணெயில் ஊறவைக்க வேண்டும், அதனால் உங்கள் துவக்கு அடுத்த ஞாயிறு சுடாது, அதற்கு அடுத்த ஞாயிறு சுடும்.